வலிப்பு நோய்க்கு வழி கண்ட வைத்தியர்

வலிப்புற்று வீழ்ந்தவனின் கையில் இரும்புத் திறப்பைத் திணிக்கும் வழக்கத்தைப் பரந்தனில் வாழும் நாம் நன்கு அறிவோம். அந்நோயுற்ற பெண்ணை அயலார் கண்ணில் படாது வீட்டில் மறைப்பதும், பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்திவிடுவதும் உண்டு. ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு இவை பெருந்துயர் தருவன. ஆதலின், வசதி குறைந்த நாட்டிலே இந்நோய்க்குச் சத்திரசிகிச்சையைத் தொடங்கிவைத்த வைத்தியர் ஜேக்கப் சாண்டியின் வரலாற்றை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

சாண்டி 1910ஆம் ஆண்டு கேரளத்துக் கோட்டயத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பஹ்ரேன் தீவின் மிஷன் வைத்தியசாலையிற் சிலகாலம் பணியாற்றினார். பின்னர் கனடாவின் மொன்றியல் நகரை அடைந்து, வில்டர் பென்பீல்ட் என்னும் பேராசானிடம் மூளைச் சத்திரசிகிச்சை கற்றார். நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தீண்டி, பேச்சுக்கும் அசைவுக்கும் உரிய இடங்களைக் கண்டு காத்து, வலிப்பை எழுப்பும் பகுதியை மட்டும் நீக்கும் முறையை வளர்த்தவர் பென்பீல்ட்.

அக்கல்வியோடு தாயகம் மீண்ட சாண்டி, 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் துறையை நிறுவினார். இந்தியாவில் அத்தகைய துறை அதுவே முதலாவது. வலிப்பு எவ்விடத்தில் தோன்றுகின்றது என்பதை அறியாது மூளையிற் கத்தி வைத்தல் தகாது. எனவே நரம்பியல் வைத்தியமும் சத்திரசிகிச்சையும் அங்கு ஒரு கூரையின் கீழ் இயங்கின. நரம்பியல் அறிஞர் பல்தேவ் சிங் அவருக்குத் துணையானார். மூளையின் மின்னலைகளை வரையும் கருவி நோயின் இருப்பிடத்தைத் தேட உதவியது. 1952 ஆகஸ்ட் 25ஆம் நாள், தீராத வலிப்பால் வருந்திய பத்தொன்பது வயது இளைஞனுக்குச் சாண்டி சத்திரசிகிச்சை செய்தார். இந்தியாவில் வலிப்பு நோய்க்கு நிகழ்ந்த முதற் சத்திரசிகிச்சை அது.

தம்மோடு இக்கலை முடிந்துவிடலாகாது என அவர் கருதினார் போலும். 1951இல் ராமமூர்த்தி, நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் இந்திய நரம்பியற் சங்கத்தைத் தோற்றுவித்தார். வேலூரிலேயே இளம் வைத்தியர்களைப் பயிற்றினார். 1964இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 2007இல் தமது 97ஆவது வயதில் மறைந்தார்.

அவர் தொடங்கிய பணி 1995இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் புத்துயிர் பெற்றது. எளிய பரிசோதனைகளாலேயே நோயின் இடம் தெளிவாகத் தெரிந்தவர்களை முதலில் தேர்ந்து சிகிச்சை அளித்தமையால், குறைந்த செலவில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பயன் அடைந்தனர்.

வலிப்புற்றோரில் மூவரில் இருவர்க்கு மருந்தே போதும். எஞ்சியோரிற் சிலர்க்கே கத்தி வேண்டும். இப்பாகுபாட்டை வைத்தியரே செய்தல் இயலும். வைத்தியரிடம் பிள்ளையை அனுப்பிவைக்கும் பொறுப்போ பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரியது. வன்னியின் வகுப்பறைகளில் அப்பொறுப்பை நாம் ஏற்போமாயின், சாண்டியின் உழைப்பில் நமக்கும் பங்கு உண்டாகும்.