விட்டுக்கொடுத்த இசைஞர்

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் எழுத்தைத் தந்தவர் லூயி பிரெயில் என்பதை நாம் அறிவோம். அவர் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1809-இல் பிரான்சு நாட்டில் பிறந்தார். மூன்று வயதில், குதிரைச் சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் குத்தூசி கண்ணில் பாய்ந்தது. நாளடைவில் இரு கண்களும் ஒளியிழந்தன. 10 வயதில் பாரிசிலுள்ள பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்து இசை பயின்றார். 1829-இல் வெளியிட்ட நூலில், சொற்களோடு இசையையும் திருவழிபாட்டுப் பாடல்களையும் புள்ளிகளால் எழுத வழிகாட்டினார்.

பாரிசின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில் அவரது ஆர்கன் இசை ஒலித்தது. ஆயினும், வேலையின்றி வாடிய பார்வையற்ற நண்பர் ஒருவருக்காகத் தம் ஆர்கன் பணியொன்றையே விட்டுக்கொடுத்தார். 1852-இல் காசநோயால் இறைவனடி சேர்ந்தார்.

பாடற்குழுவில் முன்வரிசைக்குப் போட்டியிடும் நாம், இப்பெரியாரை நினைத்துப் பிறருக்கும் இடம் தருவோமாக!