ஐந்து நிமிடத்தில் முடிவான பயணம்

எங்கே போனாலும் தங்குமிடம் முதல் சாப்பாட்டுக் கடை வரை கைப்பேசியில் பார்த்த பிறகே நான் கிளம்புவேன். இசபெல்லா பேர்ட் என் எண்ணத்தை மாற்றினார்.

1831இல் இங்கிலாந்தில் பிறந்த அவருக்கு இளவயதிலேயே முதுகுத்தண்டு நோய். மருத்துவர் சொல்லித்தான் பயணம் செய்யத் தொடங்கினார். 1879 ஜனவரியில், ஜப்பானிலிருந்து திரும்பும் வழியில் சிங்கப்பூரில் இறங்கியபோது, மலாய் மாநிலங்களைப் பார்த்துவர எதிர்பாராமல் வாய்ப்பு வந்தது. யோசிக்கக் கிடைத்தது ஐந்து நிமிடம். புறப்பட்டுவிட்டார்.

மலாக்கா, சுங்கை ஊஜோங், சிலாங்கூர், பேராக் என ஐந்து வாரம் சுற்றினார். கோலகங்சாருக்கு யானைமீது போனார். கண்டதையெல்லாம் தங்கை ஹென்றியேட்டாவுக்குக் கடிதமாக எழுதினார். 1880இல் தங்கை இறந்தார். அக்கடிதங்கள் 1883இல் நூலாயின. பேர்ட் 1904இல் மறைந்தார்.

இந்த விடுமுறைக்குக் கோலகங்சாருக்குப் பேருந்துச் சீட்டு மட்டுமே எடுத்திருக்கிறேன். அங்கிருந்து என் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதுவேன்.