கலாசாலைக் கதவைத் திறந்தவர்: ஈசுவரசந்திர வித்யாசாகரர்

விதவா விவாகச் சட்டம் 1856-இல் நிறைவேறுவதற்குக் காரணமாயிருந்தவர் என்ற அளவில் வித்யாசாகரரை யாவரும் அறிவர். ஆனால் நாம் இங்கு எழுதப் புகுந்தது அதனைப் பற்றியன்று. ஒரு கலாசாலையின் தலைவராக வீற்றிருந்தவர், அக்கலாசாலையின் வாசலை விட்டிறங்கிக் கிராமத்துப் பள்ளிக்கூடங்களைத் தேடிச் சென்ற வரலாறு ஒன்று உண்டு. நமது காலனிக் குடும்பங்கள் அறிய வேண்டியது அதுவே என்பது நமது எண்ணம்.

வங்காளத்தில் வீரசிங்கம் என்னும் சிற்றூரில் 1820-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி ஓர் ஏழை அந்தணக் குடும்பத்தில் ஈசுவரசந்திரர் பிறந்தார். தந்தை தாகுர்தாஸ் கல்கத்தாவில் சொற்பச் சம்பளத்தில் கணக்கெழுதி வந்தார். எட்டு வயதுச் சிறுவனை அவர் கால்நடையாகவே நகரத்துக்கு அழைத்துச் சென்றார். வழியில் நட்டிருந்த மைல்கல்லைக் கண்ட சிறுவன், அம்மிக்கல்லை எதற்காகச் சாலையோரத்தில் நட்டு வைத்திருக்கிறார்கள் என்று வினவினானாம். அது தூரத்தைக் காட்டும் கல் என்று தந்தை விளக்கவே, ஒவ்வொரு கல்லாகப் பார்த்து, ஊர் போய்ச் சேருமுன் ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டு விட்டான். சோதிக்க எண்ணிய தந்தை ஆறாவது கல்லைக் கண்ணில் படாமல் மறைத்துவிட்டார். அடுத்த கல்லைக் கண்டதும், இதில் தவறுதலாக ஐந்து என்று பொறித்திருக்கிறார்களே என்றான் பையன். மைல்கல்லோடும் கிலோமீட்டர்க் கல்லோடும் பிழைப்பு நடத்தும் ரயில்வேக்காரர்களாகிய நமக்கு இந்த நிகழ்ச்சி தனிச் சுவை தருவதில் வியப்பில்லை.

1829-இல் சம்ஸ்கிருத கலாசாலையில் சேர்ந்தார். வீட்டில் தந்தைக்கும் தம்பியருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு, எஞ்சிய நேரத்தில் படித்தார். தெருவிளக்கில் படித்தார் என்றும் சொல்வர். பெரியோர் பலரைப் பற்றியும் சொல்லும் கதையாதலால் அதனை நாம் வற்புறுத்தவில்லை. உபகாரச் சம்பளம் அவரைத் தாங்கியது என்பது மட்டும் உறுதி. பின்னர் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் தலைமைப் பண்டிதராக இருந்து, 1851-இல் தாம் பயின்ற சம்ஸ்கிருத கலாசாலைக்கே பிரின்சிபால் ஆனார்.

அதுவரை அங்கே அந்தணரும் வைத்தியரும் மட்டுமே பயிலலாம் என்ற விதி இருந்தது. காயஸ்தப் பிள்ளைகளுக்கு அவர் அக்கதவைத் திறந்தார். சில ஆண்டுகளில் மதிப்புடைய ஹிந்துக் குடும்பங்கள் எனக் கருதப்பட்ட பிறருக்கும் இடம் கிடைத்தது. தாழ்த்தப்பட்டோர் அப்போதும் வாசலுக்கு வெளியே நின்றனர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அக்காலத்தில் பாதி திறப்பதற்கே பெரும் எதிர்ப்பு இருந்தது.

கதவைத் திறந்தால் போதுமா? உள்ளே வருவதற்குப் பிள்ளைகள் தயாராக வேண்டுமே. நாம் மெட்ரிக் தேறிய ஆண்டில் கல்லூரி விண்ணப்பத்தை எங்கே வாங்குவது, எந்தத் தேதிக்குள் கொடுப்பது என்று சொல்ல வீட்டிலும் ஆளில்லை, பள்ளியிலும் ஆளில்லை. விசாரித்து முடிப்பதற்குள் தேதி கடந்துவிட்டது. மதிப்பெண் குறைவால் நின்றவர்களைவிட, வழி தெரியாமல் நின்றவர்களே நம் வகுப்பில் அதிகம்.

இந்தக் குறையை வித்யாசாகரர் அன்றே உணர்ந்திருந்தார் போலும். 1855-இல் பிரின்சிபால் பதவியோடு பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. ஹூக்ளி, பர்துவான், மிதுனபுரி, நதியா ஆகிய நான்கு ஜில்லாக்களிலும், ஜில்லாவுக்கு ஐந்தாக, 20 மாதிரிப் பள்ளிகளை நிறுவினார். பள்ளிகளுக்கு உபாத்தியாயர் வேண்டுமே! அதற்காக அவ்வாண்டு ஜூலையில் தமது கலாசாலைக் கட்டடத்திலேயே ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, அட்சயகுமார தத்தரை அதன் தலைவராக்கினார். பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டுமே! எழுத்தறிவிக்கும் வர்ணபரிசயத்தை அதே ஆண்டில் தாமே எழுதினார். கலாசாலை ஆசிரியரைப் பயிற்றியது. அவ்வாசிரியர் கிராமத்துப் பிள்ளையைப் பயிற்றினார். அப்பிள்ளை மேற்படிப்பை எட்டிப் பார்த்தது.

1857 நவம்பர் முதல் 1858 மே வரையில் 35 பெண் பள்ளிகளையும் திறந்தார். ஏறக்குறைய 1,300 சிறுமியர் சேர்ந்தனர். சர்க்கார் நிரந்தர உதவி தர மறுத்தது. அவர் தம் பணத்தைப் போட்டும் நண்பர்களிடம் சந்தா திரட்டியும் அவற்றைக் காத்தார். மேலதிகாரிகளோடு மனக்கசப்பு முற்றவே, மாதம் 500 ரூபாய் வருமானத்தை 1858-இல் உதறிவிட்டு வெளியேறினார். குடும்பஸ்தராகிய நாம் அச்செயலை நினைத்தாலே சற்றுத் திகைக்கிறோம். அவருக்கோ நூல்களின் வருவாய் கைகொடுத்தது.

அதன்பின் மெட்ரோபாலிடன் பள்ளியை ஏற்று நடத்தினார். நரேந்திரநாதன் என்ற பெயரில் சுவாமி விவேகானந்தர் சிறுவயதில் பயின்ற பள்ளி அது. பள்ளியில் தேறிய எளிய பிள்ளைகள் பெருங்கட்டணக் கல்லூரிக்குப் போக இயலாது திரும்பினர். ஆகவே அப்பள்ளிமேலேயே கல்லூரி வகுப்புகளை எழுப்பினார். 1872-இல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும், 1879-இல் பி.ஏ. வகுப்பும் கிடைத்தன. ஐரோப்பியப் பேராசிரியர் இன்றிக் கல்லூரி நடக்குமா என்று ஐயுற்றவர் பலர். இந்தியரே கற்பித்த அக்கல்லூரி நன்றாகவே நடந்தது. சிவில் உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்ட சுரேந்திரநாத பானர்ஜியை அழைத்து ஆங்கிலப் பேராசிரியராக அமர்த்தியவரும் வித்யாசாகரரே. இன்று அது அவர் பெயராலேயே வித்யாசாகர் கல்லூரி என்று வழங்குகிறது.

முதுமையில் நகரத்து ஆரவாரம் அவருக்குச் சலித்தது. 1870-களில், புதிதாக ரயில் பாதை வந்திருந்த கர்மாடாரில் ஒரு வீடு வாங்கி, சந்தால் மக்களிடையே ஆண்டில் பல மாதங்கள் வாழ்ந்தார். ஹோமியோபதி மருந்து கொடுத்தார். வயது வந்தோருக்கு இரவுப் பள்ளி வைத்தார். 1891 ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார்.

ரயிலிலிருந்து இறங்கிய இளைஞன் ஒருவன், சிறு பெட்டியைச் சுமக்கக் கூலியாளைத் தேட, எளிய வேட்டி அணிந்த முதியவர் ஒருவர் அதைச் சுமந்து வந்து, இறுதியில் அவரே வித்யாசாகரர் எனத் தெரிந்தது என்றொரு கதை வழங்கி வருகிறது. கர்மாடார் நிலையத்துக்குப் பின்னாளில் வித்யாசாகர் என்றே பெயர் சூட்டப்பட்டது. ஜாம்தாராவுக்கும் மதுபூருக்கும் இடையில் இருக்கிறது. நம் குடும்பத்தோடு அவ்வழியே ஒருமுறை சென்றபோது, வண்டி நின்ற சிறிது நேரத்தில் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்த நம் கடைக்குட்டி, இந்த ஊருக்கு ஏன் ஒரு மனிதர் பெயர் என்று கேட்டான். அடுத்த நிலையம் வரும்வரை அவனுக்குச் சொல்லிக்கொண்டு வந்ததையே இங்கு எழுதியிருக்கிறோம்.