லவ்லேஸ் அம்மையார்

மணிமங்கலத்தை அடுத்த ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதிகளின் மோட்டார்த் தொழிற்சாலைகளில் இயந்திரக் கைகள் பற்றவைப்பு வேலை செய்கின்றன. அவற்றிற்கு இடும் கட்டளைத் தொடரை நிரல் என்பர். நிரல் எழுதுவது நெடுநாள் மனிதர் தொழிலாகவே இருந்தது. இப்பொழுது செயற்கை நுண்ணறிவும் அதனை எழுதுகின்றது. நிரல் எழுதுவோரின் இடத்தை இயந்திரம் கொள்ளுமா என்னும் வினா எழுந்துள்ளது. இவ்வினாவின் வேரை 1843-ஆம் ஆண்டிலேயே தொட்டவர் ஏடா லவ்லேஸ் அம்மையார்.

இவர் 1815-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் பைரன் என்னும் பெருங்கவிஞர். மகள் பிறந்த சில வாரங்களிலேயே பெற்றோர் பிரிந்தனர். தந்தையின் இயல்பு மகளையும் பற்றுமோ என அஞ்சிய தாயார், இளமையிலேயே அவருக்குக் கணிதம் பயிற்றுவித்தார். பின்னாளில் அவருக்குக் கணிதம் கற்பித்த தெ மார்கன் என்னும் அறிஞர், நம் மதுரையில் பிறந்தவர் என்பது அறிந்து மகிழத்தக்கது.

பதினேழாம் வயதில் அம்மையார் சார்லஸ் பாபேஜ் என்பாரைச் சந்தித்தார். பாபேஜ் பின்னர்ப் பல்சக்கரங்களால் இயங்கும் பகுப்புப் பொறி ஒன்றைத் திட்டமிட்டார். காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளின்மேல் துளையிட்ட அட்டைகள் தொங்குவதைக் காணலாம். எந்த இழை உயரவேண்டும் என ஆணையிட்டுப் பூவேலையை உண்டாக்குவன அவையே. அத்தகைய அட்டைகளாலேயே அப்பொறிக்கும் கட்டளை இடுவது பாபேஜின் எண்ணம்.

அப்பொறியைப் பற்றி மெனாப்ரியா என்னும் இத்தாலியர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை அம்மையார் 1843-இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். மூலத்தினும் ஏறத்தாழ மும்மடங்கு நீண்ட குறிப்புகளையும் சேர்த்தார். பெர்னூலி எண்களைப் பொறி கணிக்கும் முறையை அங்கே படிப்படியாக அட்டவணையிட்டார். அதனை உலகின் முதல் நிரல் எனப் பலர் போற்றுவர். அதில் பாபேஜின் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே வேற்றுமை உண்டு. எனினும் எண்ணேயன்றி இசையையும் பொறி அமைக்கக்கூடும் என உணர்த்திய தொலைநோக்கு அம்மையாருடையது. பொறி தானாக எதனையும் தோற்றுவிக்காது, மனிதர் ஆணையிடத் தெரிந்ததையே செய்யும் என்பதும் அவர் கொள்கை.

1950-இல் ஆலன் டூரிங் என்னும் அறிஞர் இதனை மறுத்தார். கற்கும் பொறிகள் மனிதரை வியக்கவைக்கும் என்றார். மனிதர் எழுதிய எண்ணற்ற நிரல்களைப் பயின்று புதிய நிரல் எழுதும் இன்றைய பொறிகள் அவர் கூற்றுக்கு வலிமை சேர்க்கின்றன. ஆயினும் எது வேண்டும் என வகுப்பதும், எழுதியது சரியா எனத் தேர்வதும் பெரும்பாலும் மனிதரிடமே உள்ளன.

அம்மையார் 1852-இல், 36-ஆம் வயதில், புற்றுநோயால் மறைந்தார். பாபேஜின் பொறி முற்றுப்பெறவே இல்லை. பிற்காலத்தார் அம்மையாரின் அட்டவணையை வரிவரியாக ஆராய்ந்தனர். நான்காம் படியில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறியிருந்தன. அச்சுப் பிழையாகவும் இருக்கலாம். பொறி அன்று இயங்கியிருந்தால், அப்பிழையையும் ஓர் ஆணையாகவே நிறைவேற்றியிருக்கும்.