விண்படை கண்ட விஞ்ஞானி சேர் எட்வேட் அப்பிள்ற்றன்

மார்கழிப் பனியில் வைகறையில் எழுந்து முற்றத்தில் நிற்போர், எரிநட்சத்திரம் ஒன்று வானத்தைக் கீறிச் சென்று மறைவதைக் கண்டிருப்பர். இமைப்பொழுதில் அழியும் அவ்வொளிக்கீற்றின் பின்னே கண்ணுக்குப் புலனாகாத சுவடொன்று சில கணம் நிலைத்து நிற்கின்றது. அச்சுவட்டினைக் கண்ணாடிபோலக் கொண்டு ஆயிரம் மைலுக்கு அப்பாலும் செய்தி அனுப்பலாம் என்றால் நம்புதல் அரிது. வானொலி அலைகளைத் திருப்பவல்ல கண்ணாடி வானில் உண்டென்பதை ஐயமற நிறுவிய பேராசிரியர் அப்பிள்ற்றனின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இங்கிலாந்திலே கம்பளி நெசவுக்குப் பெயர்போன பிறட்போட் நகரில், 1892ஆம் ஆண்டு செப்டெம்பர் 6ஆந் திகதி இவர் பிறந்தார். தந்தையார் பண்டகசாலைத் தொழிலாளி. புலமைப்பரிசில்களே இவரைக் கல்வியில் ஏற்றிவிட்ட ஏணிகள். கேம்பிறிட்ஜ் சென். யோன்ஸ் கல்லூரியிற் பயின்று 1914இல் முதல் வகுப்பிற் தேறினார். அவ்வாண்டே மூண்ட பெரும்போர் இவரைப் படைக்கு ஈர்த்தது. அங்கே செய்தித் தொடர்புப் பணியில் வானொலிக் கருவிகளோடு உண்டான பழக்கம் வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை.

அக்காலத்து அறிஞரை மயக்கிய வினா ஒன்று உண்டு. 1901இல் மார்க்கோனி அத்திலாந்திக்குக்கு அப்பால் சமிக்ஞை அனுப்பினார். நேரே செல்லும் அலை உருண்டை உலகை எவ்வாறு வளைந்து சென்றது? மறு ஆண்டே அமெரிக்காவிற் கென்னெலியும் இங்கிலாந்தில் எவிசைட்டும், மேல்வளியில் மின்கடத்தும் படையொன்று இருத்தல் வேண்டும் எனத் தனித்தனியே உய்த்துரைத்தனர். எனினும் இருபது ஆண்டு கடந்தும் அஃது ஊகமாகவே நின்றது.

இலண்டன் ஒலிபரப்பு கேம்பிறிட்ஜிற் பகலில் ஒரே சீராகவும், இரவில் ஏறியும் இறங்கியும் கேட்பதை அப்பிள்ற்றன் நுனித்து நோக்கினார். நிலத்தோடு வரும் அலையும் வானிலிருந்து திரும்பும் அலையும் ஒன்றோடொன்று கூடியும் மாறுபட்டும் இவ்விளைவைத் தருகின்றன என்று கொண்டார். 1924 டிசெம்பர் 11ஆந் திகதி நள்ளிரவில், போண்மத் நிலையத்தின் வழமையான ஒலிபரப்பு முடிந்த பின், அதன் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றுவித்து ஒக்சுபோட்டிலிருந்து அளந்தனர். சமிக்ஞை எத்தனை முறை ஓங்கித் தாழ்ந்தது என எண்ணி, இரு பாதைகளின் நீளவேறுபாட்டைக் கணித்தனர். படையின் உயரம் ஏறக்குறைய 60 மைல் எனப் பெறப்பட்டது. உடனுழைத்தவர் நியூசீலாந்து மாணவர் மைல்சு பாணெற். நூல்கள் பல இவர் பெயரை விட்டுவிடுகின்றன. அது முறையன்று என்பது எம் கருத்து. ஆய்வுரை 1925 மார்ச்சில் அச்சேறியது. எவிசைட்டோ அதற்கு முந்திய மாதமே கண்மூடிவிட்டார்.

பின்னர் 150 மைல் அளவில் மற்றொரு படையையுங் கண்டார். அதுவே அப்பிள்ற்றன் படை. முதலிற் கண்டதற்கு 'ஈ' எனவும் மேலதற்கு 'எஃப்' எனவும் பெயரிட்டு, கீழே வேறு படைகள் வெளிப்படின் உதவட்டும் என்று முன்னெழுத்துக்களை ஒதுக்கி வைத்தார். இலங்கை வானொலியின் சிற்றலை ஒலிபரப்பு ஒருகாலத்திற் பாரதமெங்கும் ஒலித்ததும் இம் மேற்படையின் உதவியாலேயாம்.

1939இல் ஆய்வுகூடத்தை விட்டு, அரசின் விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சித் திணைக்களச் செயலாளரானார். ஆய்வாளர் ஒருவரைக் கோப்புக்களிடையே அமர்த்தியது இழப்பன்றோ என நாம் எண்ணக்கூடும். அவரோ ஓய்வு நேரத்தைத் தம் படைகளுக்கே அளித்தார். போரின் இறுதியிற் செர்மானிய உறுகணைகளை எதிர்நோக்கிய றேடார்க் காவலர், கணை எதுவும் வாராதபோதும் எதிரொலி கேட்டுத் திகைத்தனர். அவை எரிநட்சத்திரச் சுவடுகள் என்பதை ஹே என்பவரும் துணைவரும் காட்டினர். வானொலிக்கும் விண்கற்களுக்கும் தொடர்புண்டென யப்பானிய அறிஞர் நாகஓக்கா 1929இலேயே கருதியிருந்தார். அப்பிள்ற்றனும் நெய்சுமித் என்பவரும் இச்சுவடுகளை ஆராய்ந்து 1947இல் ஆய்வுரை வெளியிட்டனர். அவ்வாண்டே நோபெல் பரிசும் அவரை அடைந்தது.

விண்கல் எரியும்போது அதன் வழியிலுள்ள அணுக்களிலிருந்து இலத்திரன்கள் கழன்று நெடிய தூண்போல் நிற்கும். மற்றைப் படைகளை ஊடுருவிச் செல்லும் உயர்மீடிறன் அலைகளையும் அத்தூண் திருப்பிவிடும். ஆயின் அது பெரும்பாலும் ஒரு கணத்திற் கலைந்துவிடும். ஆதலின், கனடியர் 1950களில் அமைத்த 'யனற்' என்னும் முறையில், செய்தியைச் சேமித்து வைத்துக் காத்திருந்து, சுவடு தோன்றியதும் மிகு விரைவில் அனுப்பினர். மேற்கு அமெரிக்க மலைகளின் பனியளவுகளும் பின்னாளில் ஆண்டுகள் பல இவ்வழியே வந்தன.

அப்பிள்ற்றன் 1949 முதல் எடின்பரோப் பல்கலைக்கழகத் தலைவராக விளங்கி, அப்பதவியிலிருந்தவாறே 1965 ஏப்பிரல் 21ஆந் திகதி காலமானார்.