கோணற்கால்களால் உலகை மகிழ்வித்தவர்

விளையாட்டு வீரர் என்றதும் கட்டான உடலும் உறுதியான நேரிய கால்களும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. ஆனால் கோணிய கால்களுடன் வளர்ந்த ஒருவர், இரண்டு முறை உலகக் கோப்பையை வென்ற அணியில் ஒளிவிட்டார். அவரே பிரேசில் நாட்டின் கரிஞ்சா.

மனுவேல் பிரான்சிஸ்கோ தோஸ் சாந்தோஸ் என்பது இவரது இயற்பெயர். 1933-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள், ரியோ டி ஜெனீரோ மாநிலத்தின் பாவ் கிராந்தி என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வலது கால் உட்புறமும் இடது கால் வெளிப்புறமும் வளைந்திருந்தன. இடது கால் சற்றுக் குட்டை. முதுகெலும்பும் நேராக இல்லை. கரிஞ்சா என்பது ஒரு சிறு குருவியின் பெயர். மெலிந்த உருவைக் கண்டு வீட்டார் அப்பெயரைச் சூட்டினர். பதினான்கு வயதிலேயே ஊரிலிருந்த துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, ஆலையின் அணியில் கால்பந்து ஆடினார்.

1953-இல் ரியோ நகரின் போத்தபோகோ கழகம் இவரைச் சோதித்துப் பார்த்தது. எதிரே நின்றவர் நாட்டின் சிறந்த தடுப்பாட்டக்காரரான நில்டன் சாந்தோஸ். அவரது கால்களுக்கு இடையிலேயே பந்தை உருட்டிவிட்டுக் கடந்து சென்றார் கரிஞ்சா. நில்டன் சாந்தோஸ் சினம் கொள்ளவில்லை. இவரை உடனே சேர்த்துக்கொள்ளும்படி கழகத்தாரைக் கேட்டுக்கொண்டார். பிறர் திறமையைக் கண்டு மகிழும் அப்பெருந்தன்மையையும் நாம் மறக்கலாகாது.

ஆடுகளத்தின் வலது ஓரமே கரிஞ்சாவின் இடம். பந்துடன் நிற்பார், உடலை இடப்புறம் சாய்ப்பார், எதிராளியும் அப்பக்கம் சாய்ந்ததும் வலப்புறமாகப் பாய்ந்துவிடுவார். எல்லாரும் அறிந்த தந்திரமே! ஆயினும் கோணிய அக்கால்கள் எத்திசையில் செல்லும் என்று கணிக்க இயலாமல் மீண்டும் மீண்டும் ஏமாந்தனர்.

1958-இல் சுவீடனில் நடந்த உலகக் கோப்பைக்கு முன், அணியின் மனவியல் ஆய்வாளர் இவரைத் தகுதியற்றவர் என்று கருதினார். முதல் இரண்டு ஆட்டங்களில் இவருக்கு இடமில்லை. மூன்றாவதாக சோவியத் யூனியனுக்கு எதிரே களமிறங்கினார். பிரேசில் 2-0 என வென்றது. இறுதியாட்டத்தில் சுவீடன் முதல் கோலைப் போட்டபோது, கரிஞ்சா ஓரத்திலிருந்து அனுப்பிய பந்துகளை வாவா இருமுறை கோலாக்கினார். 5-2 என்ற கணக்கில் கோப்பை கிடைத்தது.

1962-இல் சிலி நாட்டில் நடந்த போட்டியில் பெலே இரண்டாம் ஆட்டத்திலேயே காயமுற்றார். பொறுப்பு கரிஞ்சாவின் தோள்மேல் விழுந்தது. காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு எனக் கோல்கள் போட்டார். மீண்டும் கோப்பை பிரேசிலுக்கே! மக்களின் மகிழ்ச்சி என்று அந்நாட்டார் இவரைக் கொண்டாடினர். பிரேசிலுக்காக ஆடிய 50 ஆட்டங்களில், 1966-இல் ஹங்கேரியிடம் தோற்ற கடைசி ஆட்டம் ஒன்றே இவர் கண்ட தோல்வி.

ஆனால் மக்களை மகிழ்வித்தவரின் வாழ்வு துயரமாயிற்று. சூதறியாத உள்ளத்தினர், தொகை எழுதாத ஒப்பந்தத் தாள்களிலும் கையெழுத்திட்டுக் கொடுத்தார். முழங்கால் பழுதடைந்தபோதும் ஊசி போட்டு ஆட வைக்கப்பட்டார். போதாக்குறைக்கு, தந்தையை வாட்டிய மதுப்பழக்கம் மகனையும் பற்றிக்கொண்டது. அதைக் கைவிட இவரால் இயலவில்லை. ஈரல் கெட்டு, 1983-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், 49-ஆம் வயதில் ரியோவில் காலமானார். மரக்கானா அரங்கில் வைக்கப்பட்ட உடலைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. பாவ் கிராந்தி செல்லும் வழியெங்கும் மக்கள் நின்று கண்ணீர் வடித்தனர்.

அக்கூட்டத்தில் எத்தனை பேர் அவர் நோயுற்றுத் தனித்திருந்த நாளில் கதவைத் தட்டியிருப்பார்கள் என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம். வெற்றி பெறும்வரை கைதட்டுவது எளிது. வீழ்ந்தவரைத் தூக்கிவிடுவதே அன்பு.

தோழியரே, இறைவன் குறையுள்ள கால்களிலும் தாலந்தை வைக்கிறார். ஆதலால் எவரையும் தோற்றம் கண்டு தள்ளாதிருப்போம். அளிக்கப்பட்ட தாலந்தைத் தீய பழக்கத்துக்கு இரையாக்காமல் காப்போம். நம்மை மகிழ்விப்போர் துன்புறும் நாளிலும் அவர்கள் அருகில் நிற்போம்.