சகோதரி சுப்புலட்சுமி: ஐஸ் ஹவுஸிலிருந்து மாடம்பாக்கம் வரை

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் நெடுஞ்சாலையில் சேலையூரைக் கடந்து, இராஜகீழ்ப்பாக்கத்தில் வலப்புறம் திரும்பினால் மாடம்பாக்கம் வரும். சோழர் காலத்துத் தேனுபுரீசுவரர் கோயிலும் பரந்த ஏரியும் உடைய பழைய ஊர். 2021ஆம் ஆண்டு தாம்பரம் மாநகராட்சியில் இணைந்து, இன்று வீட்டுமனைகளாலும் அடுக்ககங்களாலும் நிறைந்து கிடக்கிறது. நம் மாணவர் பலர் நாள்தோறும் இவ்வழியே பேருந்தில் வருகின்றனர். வயலும் வரப்புமாக இவ்வூர் இருந்த 1954ஆம் ஆண்டில், அறுபத்தெட்டு வயதை எட்டிய அம்மையார் ஒருவரின் வழிகாட்டுதலில் இங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சமூக நல மையம் ஒன்று உருவாயிற்று. சென்னை மாநகரில் கல்லூரி நிறுவியவர், மேலவை உறுப்பினர், அரசின் தங்கப் பதக்கம் பெற்றவர் எனப் பல சிறப்புகளைத் தாங்கிய அவ்வம்மையார் இக்கிராமத்தை நாடி வந்தது ஏன் என்பதை அறிய, அவர் வாழ்வைத் தொடக்கத்திலிருந்தே காண வேண்டும்.

சகோதரி சுப்புலட்சுமி என்று நாடறிந்த ஆர்.எஸ். சுப்புலட்சுமி 1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர்; தாயார் விசாலாட்சி. குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சை மாவட்டத்து ரிஷியூர். ஒன்பது வயதில், நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறினார் அச்சிறுமி. தாம்பரமும் மாடம்பாக்கமும் அடங்கியிருந்த அதே பழைய செங்கற்பட்டு மாவட்டந்தான் அது.

அறிவில் முதன்மை பெற்ற குழந்தையையும் வழக்கம் விடவில்லை. பதினொரு வயதையொட்டி அவருக்குத் திருமணம் நடந்தது. மணமான சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார். பள்ளிக் கணக்குப் போடத் தெரிந்த சிறுமிக்குக் கைம்பெண் என்ற பெயர் வந்து சேர்ந்தது. அக்காலத்து அந்தணர் குடும்பங்களில் அப்பெயர் வெறும் சொல்லன்று. தலைமுடி மழித்தல், ஒருவேளை உணவு, வண்ணமற்ற ஆடை, நல்ல காரியங்களில் ஒதுங்கி நிற்றல், தெருவில் எதிர்ப்பட்டால் பிறர் முகம் சுளித்தல் ஆகிய அனைத்தும் அச்சொல்லுக்குள் அடக்கம். பூதப்பாண்டியன் தேவியார் கைம்மை நோன்பினும் ஈமத் தீயே மேல் எனத் துணிந்ததைப் புறநானூறு பயின்ற மாணவர் அறிவர். சங்க காலத்து அரசிக்கே அஞ்சத்தக்கதாயிருந்த நிலை, இருபது நூற்றாண்டுகள் கழிந்தும் ஒரு பள்ளிச் சிறுமியின் வாயிலில் வந்து நின்றது.

சுப்புலட்சுமியின் பெற்றோர் அவ்வாயிலைத் திறக்கவில்லை. மகளை மூலையில் அமர்த்தாமல் படிக்க வைப்பது என்று முடிவு செய்தனர். இம்முடிவை எளிதாக எண்ணிவிடக் கூடாது. சுற்றத்தாரின் ஏச்சையும் ஊராரின் விலக்கையும் எதிர்பார்த்தே அவர்கள் அதனைச் செய்தனர். இளமையிலேயே கணவரை இழந்து அவ்வீட்டில் வாழ்ந்த சிற்றன்னை வாலாம்பாள், பெற்ற தாய்க்கு நிகராகச் சுப்புலட்சுமிக்குத் துணை நின்றார். பெரியோர் வரலாற்றில் இத்தகைய சிற்றன்னையர் ஒரு வரியில் மறைந்துவிடுகின்றனர். இவரோ பின்னாளில் இல்லத்தின் அடுக்களையையும் அங்கிருந்த சிறுமியரையும் தாமே பேணிக் காத்து, அதன் தூணாக விளங்கினார்.

வேப்பேரியிலிருந்த பிரசன்டேசன் கான்வென்டில் பயின்ற நாளில், கன்னியர் தம் வாழ்வையே பிறர் கல்விக்கு ஒப்படைத்திருந்த நிலை சுப்புலட்சுமியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. சமயம் மாறாமலே அவர்களுடைய தொண்டின் வடிவத்தை அவர் தமதாக்கிக் கொண்டார். சகோதரி என்னும் அடைமொழி நிலைத்தது. பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்று 1911ஆம் ஆண்டு இளங்கலைப் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி என அவர் போற்றப்படுகிறார்.

பட்டத்தோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு இடமில்லை. 1912ஆம் ஆண்டு சாரதா மகளிர் சங்கத்தை அவர் தொடங்கினார். அதே காலத்தில், எழும்பூரில் தம் குடும்பம் குடியிருந்த வீட்டிலேயே இளம் கைம்பெண்கள் நால்வரைச் சேர்த்துக் கொண்டு கற்பிக்கலானார். வெறும் நால்வர் என்று தோன்றலாம். அந்நால்வரையும் அவரவர் வீட்டிலிருந்து வெளியே கொண்டு வருவதற்கு எத்தனை பேரிடம் வாதாட நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அவ்வெண்ணிக்கையின் பெருமை புலப்படும். பள்ளி ஆய்வாளராயிருந்த அயர்லாந்துப் பெண்மணி கிறிஸ்டினா லிஞ்ச் அவருக்குப் பெருந்துணையாயிருந்தார். பம்பாயிலும் பூனாவிலும் பண்டித ரமாபாயும், பின்னர்ப் பூனாவில் கார்வேயும் கைம்பெண்களுக்கு இல்லம் அமைத்திருந்தனர். சென்னையில் அத்தகைய முயற்சி வேர்கொண்டது சகோதரியால்தான்.

இல்லம் வளர்ந்தது, திருவல்லிக்கேணிக்கு இடம்பெயர்ந்தது. 1917ஆம் ஆண்டளவில் கடற்கரையை நோக்கி நிற்கும் ஐஸ் ஹவுஸில் குடியேறிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமிப்பதற்காக 1842இல் கட்டப்பட்ட கட்டடம் அது. பின்னர்ப் பிலிகிரி ஐயங்காரின் கைக்கு வந்தது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் அவ்விடத்தைக் காணச் செல்வோர், ஒரு காலத்தில் அதன் மாடங்களில் தலை மழிக்கப்பட்ட சிறுமியர் பாடம் படித்ததையும் அறிந்து செல்லுதல் நன்று. சற்றுத் தொலைவில் 1914இல் தொடங்கப்பெற்றிருந்த இராணி மேரிக் கல்லூரிக்கு இல்லத்துப் பெண்கள் சென்று பயின்றனர். கைம்பெண் எதிர்ப்படுவதே தீநிமித்தம் என்றிருந்த நகரில், காலைதோறும் ஒரு கூட்டமே புத்தகத்தோடு தெருவில் நடந்தது. கடற்கரைக் குப்பத்து மீனவர் குழந்தைகளுக்கும் சகோதரி பள்ளி நடத்தினார் என்பது பலரும் சொல்லாமல் விடும் செய்தி.

அவர் செய்த ஏற்பாட்டின் நுட்பம் ஒன்றை இங்கே விளக்க விரும்புகிறோம். உணவும் உறையுளும் தருவதோடு அவர் அமையவில்லை. கைம்பெண்ணை ஆசிரியையாக்குவதே அவர் திட்டம். அக்காலத்தில் பெண்பள்ளிகள் பெருகி வந்தன, ஆசிரியைகளோ கிடைக்கவில்லை. மணமான பெண்ணைக் குடும்பம் வேலைக்கு அனுப்பாது. மணமாகாத பெண் என்று ஒருத்தி அந்நாளில் இல்லவே இல்லை. சமூகம் வேண்டாமென்று ஒதுக்கிய கைம்பெண்ணே சமூகத்துக்கு வேண்டிய ஆசிரியையாக வரக்கூடியவள். இக்கணக்கை அரசு அலுவலர்க்கும் விளங்க வைத்தார் சகோதரி. 1922ஆம் ஆண்டு லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தோன்றியது. அதன் முதல் முதல்வராக அவரே அமர்ந்தார். பிச்சையாகக் கிடைக்கும் சோற்றுக்கும் சம்பளமாகக் கிடைக்கும் சோற்றுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் நன்கு அறிந்திருந்தார்.

குறையையும் மறைக்க வேண்டியதில்லை. ஐஸ் ஹவுஸ் இல்லம் அந்தணப் பெண்களுக்கே உரியதாயிருந்தது. சடங்கும் ஆசாரமும் அங்கே பேணப்பட்டன. அவையின்றேல் எந்தத் தந்தையும் மகளை அனுப்பியிரான் என்று சகோதரியின் சார்பில் சொல்லலாம். ஆயினும் கைம்மைத் துயர் ஒரு குலத்துக்கு மட்டும் உரியதன்று. அதே 1886ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய நாளில் தம்மை நாடி வந்த சிறுமியர்க்குச் சென்னை விடுதிகளில் இடம் கிடைக்காமையால் தம் வீட்டையே திறந்துவிட்டார். அதுவே ஔவை இல்லமாகி, அடையாறில் நிலைத்தது. தந்தை பெயர் சொல்ல இயலாத குழந்தைக்கும் ஓர் இல்லம் வேண்டும் என்பதை முத்துலட்சுமியார் உணர்த்தினார். இருவரையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. ஒருவரைப் படித்து மற்றவரை விட்டால் அக்காலத்தின் பாதிதான் தெரியும்.

சகோதரியும் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. அரசு இல்லத்தில் இளம்வயதினரே சேர முடியும் என்றிருந்தமையால், வயது வந்த கைம்பெண்களுக்காக 1927இல் சாரதா வித்யாலயத்தை நிறுவினார். வயது வந்தவள் கைம்பெண்ணாகும்போது பெரும்பாலும் தனியளாக இருப்பதில்லை. அவள் இடுப்பில் ஒரு குழந்தையும் இருக்கும். அக்குழந்தையின் பாலுக்கும் பள்ளிக்கும் அவளே பொறுப்பு. வித்யாலயம் 1938இல் இராமகிருஷ்ண மடத்தாரின் பொறுப்பிற்குச் சென்றது. குழந்தை மணத்தை ஆராய்ந்த ஜோஷி குழுவின் முன் சகோதரி சான்று பகர்ந்தார். பெண்ணின் மணவயதைப் பதினான்கு என வரையறுத்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறி, 1930 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. தம் வாழ்வில் நேர்ந்தது பிறர்க்கு நேராதிருக்க அவர் செய்த பணிகளுள் இது தலையாயது. 1942இல் மயிலாப்பூரில், படிப்பை இடையில் விட்ட பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார்.

நம் சமுதாயத்துப் பெரியோர்க்கு ஒரு சொல். பெருமானார் (ஸல்) அவர்கள் தந்தை முகம் காணாது பிறந்தவர்கள். அன்னை ஆமினா கணவரை இழந்த நிலையில் அவர்களைப் பெற்றெடுத்தார்கள். கதீஜா நாயகி பெருமானாரை மணந்தபோது கைம்பெண்ணாக இருந்தார்கள். நான்கு மாதம் பத்து நாள் இத்தாவுக்குப் பின் மறுமணத்துக்குத் தடையில்லை என்பது மார்க்கம். எனினும் சுற்றுப்புற வழக்கம் நம் தெருக்களிலும் புகுந்து, கணவரை இழந்தவளையும் தலாக் பெற்றவளையும் மணவீட்டின் முன்வரிசையிலிருந்து பின்னுக்குத் தள்ளியிருப்பதை யார் மறுக்க முடியும்? அப்பெண்ணுக்கு ஜகாத் கொடுக்க முந்தும் கை, அவள் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஏன் தயங்குகிறது என்பதையும் ஜமாஅத்துகள் எண்ணிப் பார்க்கலாம்.

இனி மாடம்பாக்கம். 1952இல் சகோதரி சென்னை மேலவைக்கு நியமிக்கப்பெற்றார். துர்க்காபாய் தேஷ்முக்கின் தலைமையில் மத்திய சமூகநல வாரியம் 1953இல் தோன்றி, நகரத்து மகளிர் அமைப்புகளின் பார்வை சிற்றூர்களின்பால் திரும்பிய காலம் அது. நகரத்துக் கைம்பெண்ணுக்குப் பள்ளியும் விடுதியும் ஏற்பட்டுவிட்டன. கழனியில் நாற்று நடும் பெண்ணோ, கணவன் இறந்தால் மறுவாரமே கூலிக்குச் சென்றாக வேண்டும். அவள் குழந்தையை யார் பார்ப்பது? வரப்பில் மரத்தடியில் தொட்டில் கட்டினால் ஆயிற்றா? முப்பதாண்டுகளுக்கு மேல் ஒரு குலத்தாரின் வீட்டு வாயில்களைத் தட்டிய கரம், முதுமையில் குலம் கேளாத ஒரு சிற்றூர் வாயிலைத் தட்டியது. தாம் தொடங்கியதன் எல்லையைத் தாமே கண்டு கடந்தவர் என்று அவரைக் கருதுகிறோம். அவ்வகையில் ஐஸ் ஹவுஸைக் காட்டிலும் மாடம்பாக்கமே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1956இல் அவருடைய முயற்சியால் மயிலாப்பூர் மகளிர் மன்றத்தார் தொடங்கிய வித்யா மந்திர் பள்ளி இன்றும் நடைபெறுகிறது. 1920இல் கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது ஆங்கில அரசு. 1958இல் பத்மஸ்ரீ அளித்தது சுதந்திர இந்தியா. ஆங்கில எழுத்தாளர் மோனிகா பெல்டன் அவர் வரலாற்றை நூலாக்கி 1966இல் வெளியிட்டார்.

அவர் காலத்துக்குப் பின் தமிழக அரசு ஆதரவற்ற கைம்பெண்களுக்கு 1975இலும், கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கு 1986இலும் ஓய்வூதியத் திட்டங்களை ஏற்படுத்தியது. மணமாகாத தாய், குழந்தையின் தந்தைக்கு அறிவிக்காமலே தனிப் பாதுகாவலராகலாம் என உச்சநீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. ஆயினும் சேர்க்கைக் காலத்தில் தந்தை பெயர் என்ற கட்டத்தின் முன் எழுதுகோலை நிறுத்தித் தயங்கும் மாணவ மாணவியரை ஆண்டுதோறும் காண்கிறோம். அருகில் தாய் நிற்கிறாள். கட்டணத்தைக் கட்டியவளும் அவளே. அக்கட்டத்தில் தாயின் பெயரை எழுதச் சொல்லும் எழுத்தர் இருக்கும் அலுவலகம் நல்ல அலுவலகம்.

டாக்டர் முத்துலட்சுமி 1968 சூலையில் மறைந்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, சகோதரி சுப்புலட்சுமி இயற்கை எய்தினார். அவருக்கு அப்போது வயது எண்பத்து மூன்று.